இனிய ஒலியில் பதிந்த அச்சம்: ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’ ஆல்பத்தின் 11 பாடல்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1967 நவம்பரில் அமெரிக்காவில் ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அதைத் தந்தவர்கள் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ‘லவ்’ என்ற ஐவர் குழு. பில்போர்டு பட்டியலில் அந்தத் தட்டு 154ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு பிரிட்டனில் 24ஆம் இடம் வரை போனது. அடுத்த சில மாதங்களில் குழு கலைந்தது. ஆனால் தட்டு மறக்கப்படவில்லை. 2008இல் கிராமி ஹால் ஆஃப் ஃபேமில் அதற்கு இடம் கிடைத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும் தேசியப் பதிவேட்டின் 2011ஆம் ஆண்டுப் பட்டியலிலும் அது சேர்ந்தது.

சைகடெலிக் நாட்டார் ராக் என்ற பிரிவைப் பற்றிப் பேசுவோர் இந்தத் தட்டைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். சைகடெலிக் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சில வழக்கமான ஒலிகள்: தலைகீழாக ஓடும் நாடா, அலறும் மின்கிதார், எதிரொலியில் மிதக்கும் குரல், சித்தார். அந்த ஆண்டின் மேற்கத்தியத் தட்டுகள் பலவற்றில் சித்தார் கேட்டது. இந்தத் தட்டில் அது இல்லை. ஒலிச் சித்துகளும் மிகக் குறைவு. மரக் கிதார், வயலின்கள், டிரம்பெட், அமைதியான குரல் ஆகியவைதான் இதன் அடிப்படை. மேலோட்டமாகக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வானொலியில் வரும் மெல்லிசை போலவே இருக்கும். சொற்களைக் கவனித்தால் சாவு, போர், சிறை, பிரிவு. இசைக்கும் சொல்லுக்கும் இடையிலான இந்த விலகலைப் பாட்டின் கட்டுமானத்துக்குள்ளேயே அமைத்ததுதான் இந்த ஆல்பத்தின் சாதனை என்பது இந்தச் சொற்பொழிவின் வாதம். 11 பாடல்களில் ஏறத்தாழ எல்லாமே அதற்குச் சான்று.

சன்செட் ஸ்ட்ரிப்பின் குழு

ஆர்தர் லீ 1945இல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸில் பிறந்து, சிறுவயதிலேயே லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தவர். கிதார் கலைஞர் ஜானி எக்கல்ஸும் மெம்ஃபிஸில் பிறந்தவர். இருவரும் கறுப்பினத்தவர். இன்னொரு பாடலாசிரியரான பிரையன் மக்லீன் வெள்ளையர். ‘த பர்ட்ஸ்’ குழுவின் பயணங்களில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். பேஸ் கிதாரில் கென் ஃபோர்ஸி, டிரம்ஸில் மைக்கேல் ஸ்டூவர்ட். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நடத்தும் ராக் குழு அன்றைய அமெரிக்காவில் அரிது. தலைமை கறுப்பர் ஒருவரிடம் இருந்தது இன்னும் அரிது.

இவர்களை ஒப்பந்தம் செய்தது எலெக்ட்ரா ரெக்கார்ட்ஸ். ஜாக் ஹோல்ஸ்மன் 1950இல் தொடங்கிய இந்த நிறுவனம் நாட்டார் பாடல்களுக்குப் பெயர் பெற்றது; ஜூடி காலின்ஸ், ஃபில் ஓக்ஸ் போன்றோரின் தட்டுகள் அங்கிருந்து வந்தன. எலெக்ட்ராவின் முதல் ராக் குழு ‘லவ்’தான். சன்செட் ஸ்ட்ரிப்பில் உள்ள ‘விஸ்கி அ கோ கோ’ அரங்கில் பாடிவந்த ‘த டோர்ஸ்’ குழுவைக் கேட்கும்படி 1966இல் ஹோல்ஸ்மனிடம் சொன்னவரும் லீதான். 1967 ஜூலையில் டோர்ஸின் ‘லைட் மை ஃபயர்’ நாட்டின் முதல் பாடலானது. கலிபோர்னியாவுக்கு வெளியே போய்ப் பாட லீக்கு விருப்பமில்லை. அதனால் பரிந்துரைத்தவரின் குழு உள்ளூரிலேயே நின்றுவிட, பரிந்துரைக்கப்பட்ட குழு உலகம் சுற்றியது.

அந்தக் கோடைக்கு ‘காதலின் கோடை’ என்று பெயர். சான் பிரான்சிஸ்கோவில் இளைஞர்கள் பூச்சூடித் திரண்டார்கள். அதே ஜூலையில் நூவர்க்கில் நடந்த இனக் கலவரத்தில் 26 பேரும், டெட்ராய்ட்டில் 43 பேரும் இறந்தார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 4,85,000ஐ எட்டியது. சன்செட் ஸ்ட்ரிப்பிலேயே முந்தைய ஆண்டு நவம்பரில் இளைஞர்களுக்கு விதித்த இரவு ஊரடங்கை எதிர்த்துப் போராட்டம் நடந்து, போலீஸ் தடியடியில் முடிந்தது. இருபத்திரண்டு வயதான லீ, நகரத்துக்கு மேலே ஒரு குன்றின்மேல் இருந்த வீட்டில் வசித்துக்கொண்டு, தான் விரைவில் இறந்துவிடுவோம் என்று உறுதியாக நம்பினார். இந்தத் தட்டைத் தன் கடைசிச் சொற்களாகவே எண்ணி எழுதியதாகப் பின்னாளில் சொன்னார்.

அழுகையில் தொடங்கிய ஒலிப்பதிவு

ஒலிப்பதிவு 1967 ஜூன் 9 அன்று தொடங்கியது. தயாரிப்பாளர்கள் லீயும் புரூஸ் பாட்னிக்கும். பாட்னிக் டோர்ஸின் முதல் தட்டைப் பதிவுசெய்த ஒலிப்பொறியாளர். முதலில் நீல் யங்கும் தயாரிப்பில் சேர்வதாக இருந்தது. ‘பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு’ குழுவின் வேலைகள் இருந்ததால் அவர் விலகிக்கொண்டார்.

போதைப் பழக்கத்தால் குழுவின் கட்டுக்கோப்பு அப்போது குலைந்திருந்தது. ஒத்திகை இல்லை. லீயையும் மக்லீனையும் பாடவைத்து, மற்றவர்களின் இடத்தில் ஹாலிவுட்டின் தொழில்முறைக் கலைஞர்களை அமர்த்தினார் பாட்னிக். பேஸ் கிதாரில் கேரல் கே, டிரம்ஸில் ஹால் பிளெய்ன். அன்றைய அமெரிக்க வானொலியின் வெற்றிப் பாடல்களில் பெரும்பங்கு வாசித்த கைகள் இவை. ‘ஆண்ட்மோரகெய்ன்’, ‘த டெய்லி பிளானட்’ ஆகிய இரண்டு பாடல்கள் இப்படிப் பதிவாயின. தங்கள் இடத்தில் பிறர் வாசிப்பதைப் பார்த்த குழுவினர் அழுதேவிட்டார்கள். பிறகு ஒழுங்காக ஒத்திகை பார்த்து வந்து, மீதி ஒன்பது பாடல்களையும் தாங்களே வாசித்தார்கள். அந்த இரண்டையும் மற்ற ஒன்பதையும் அடுத்தடுத்துக் கேட்டால், தொழில்முறைக் கலைஞர்களுக்கு ஈடாக இவர்கள் வாசித்திருப்பது தெரியும். ஸ்டூவர்ட்டின் டிரம்ஸ் அதற்குத் தனிச் சான்று.

முதல் பக்கம்

தட்டைத் தொடங்கும் ‘அலோன் அகெய்ன் ஆர்’ லீ எழுதியதல்ல, மக்லீனுடையது. அவருடைய தாய் ஃபிளமென்கோ ஆடியவர். அந்த ஸ்பானியச் சாயல் பாட்டின் முதல் நொடியிலேயே வந்துவிடுகிறது. விரலால் மீட்டும் கிதார் ஒன்று தொலைவிலிருந்து நெருங்கிவருவதுபோல் மெல்ல உரக்கிறது. டிரம்ஸ் சேர்கிறது. பிறகு வயலின்கள். நடுவில் குரல் ஒதுங்க, டிரம்பெட் ஒன்று மெக்சிகோ எல்லைப்புறத்து மரியாச்சி இசையின் துள்ளலோடு வந்து போகிறது. பாடுபவரோ, வராத ஒருத்திக்காகக் காத்திருந்து இன்றிரவும் தனியாக இருக்கப்போகிறவர்.

இந்தப் பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. முதன்மைக் குரல் மக்லீனுடையது. லீ அதற்கு இசைவுக் குரல் பாடினார். கலவை செய்யும்போது மக்லீனின் குரல் மெலிந்திருப்பதாகக் கருதி அதைத் தணித்து, லீயின் குரலை முன்னால் கொண்டுவந்தார்கள். ஆகவே உலகம் இன்று முணுமுணுக்கும் மெட்டு உண்மையில் துணை மெட்டு. மூல மெட்டு அதன் பின்னால் நிழலாக ஒலிக்கிறது. மக்லீனுக்கு இதில் வருத்தம் இருந்தது. ஆனால் பாட்டின் பொருளுக்கு இந்த மாற்றம் வலுச் சேர்த்தது. தனிமையைப் பாடும் மனிதரின் குரலே பின்னால் தள்ளப்பட்டு, பக்கத்தில் நின்றவரின் குரல் அவருக்காகப் பேசுகிறது. பின்னாளில் ‘யூ.எஃப்.ஓ’, ‘த டாம்ட்’, ‘கலெக்ஸிகோ’ எனப் பல குழுக்கள் இதை மறுபடி பாடின.

இரண்டாவது பாட்டு ‘அ ஹவுஸ் இஸ் நாட் அ மோட்டல்’. இதில் வயலின் இல்லை. மரக் கிதாரின் சீரான ஓட்டத்தில் தொடங்குகிறது. கடைசிப் பகுதியில், குழாயில் வரும் தண்ணீர் இரத்தமாவதையும், இன்றைய செய்தி நாளைய திரைப்படமாவதையும் லீ நிதானமாகச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் டிரம்ஸ் தனியாக உருண்டு எழ, எக்கல்ஸின் மின்கிதார்கள் இரண்டு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மோதுகின்றன. தொலைக்காட்சியில் வியட்நாம் போரை இரவுச் சாப்பாட்டோடு பார்த்துக்கொண்டிருந்த நாட்டில் இது வெளிவந்தது. அதுவரை அடங்கியிருந்த கிதார், சொற்கள் முடிந்த பிறகே கட்டவிழ்கிறது. இதற்கு முந்தைய பாட்டிலும் இதற்கு அடுத்து வரும் ‘ஆண்ட்மோரகெய்ன்’ பாட்டிலும் உள்ள மென்மைக்கு நடுவே இந்த மோதல் இன்னும் உரக்கக் கேட்கிறது.

‘த டெய்லி பிளானட்’ ஒரே மாதிரி ஓடும் நாட்களின் சலிப்பைப் பேசுகிறது. சூப்பர்மேன் கதையில் வரும் நாளிதழின் பெயர்தான் தலைப்பு. ‘ஓல்டு மேன்’ மக்லீனின் இரண்டாவது பாட்டு. இதைப் பாடுபவரும் அவரே. முதியவர் ஒருவர் இளைஞனிடம் ஒரு சிறு புத்தகம் தருகிறார்; அன்பைப் பற்றி அவனுக்கு ஏதோ விளங்குகிறது. ஆல்பத்தில் நிழல் படியாத பாட்டு இது ஒன்றுதான். பிற்காலத்தில் மக்லீன் கிறித்தவ இறைவழிபாட்டுப் பாடல்களை நோக்கிப் போனதன் தொடக்கம் இங்கேயே தெரிகிறது.

முதல் பக்கத்தை முடிப்பது ‘த ரெட் டெலிபோன்’. தலைப்பில் உள்ள தொலைபேசி பாட்டில் எங்கும் வருவதில்லை. குன்றின்மேல் உட்கார்ந்து கீழே மனிதர்கள் இறப்பதைப் பார்க்கும் ஒருவரின் குரலோடு பாட்டு தொடங்குகிறது. ஹார்ப்சிகார்டும் வயலின்களும் அதற்கு மிக மரியாதையான பின்னணி தருகின்றன. இறுதியில் மெட்டு சுருங்கி, கூட்டம் ஓதுவது போன்ற கோஷமாகிறது: மனிதர்களைப் பிடித்து அடைக்கிறார்கள், நாளை அகப்படப்போவது யார் என்று தெரியவில்லை. பீட்டர் வைஸ் எழுதிய ‘மாரா/சாத்’ நாடகம், மனநோய் விடுதியில் அடைபட்டோர் நடத்தும் நாடகத்தைப் பற்றியது. அதன் திரைப்பட வடிவம் வெளிவந்ததும் அதே 1967இல்தான். அதன் தாக்கம் இந்தக் கோஷத்தில் பலமாக ஒலிக்கிறது. இப்படிப் பாடிய லீ, 29 ஆண்டுகளுக்குப் பிறகு உண்மையிலேயே அடைக்கப்பட்டார்.

அந்தாதியாக ஒரு தெரு

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு ஒரு முகவரி. ‘மேபி த பீப்பிள் வுட் பி த டைம்ஸ் ஆர் பிட்வீன் கிளார்க் அண்ட் ஹில்டேல்’ என்பது அதன் நீண்ட பெயர். சன்செட் பூலேவார்டில் கிளார்க் தெருவுக்கும் ஹில்டேல் அவென்யூவுக்கும் இடையில் இருந்தது ‘விஸ்கி அ கோ கோ’. ‘லவ்’ குழு பெயர் வாங்கிய இடம். பாட்டில் அந்தத் தெருவின் சந்தடி இருக்கிறது: குசலம் விசாரிப்பு, கூட்டம், உரத்த இசை. டிரம்பெட்டும் வேகமான கிதாரும் அந்த நெரிசலைக் கொண்டுவருகின்றன.

பாட்டின் கட்டுமானம் தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும். ஒவ்வொரு கண்ணியும் முடியும் இடத்தில், இயைபுக்காகக் காது எதிர்பார்க்கும் கடைசிச் சொல்லை லீ பாடாமல் விடுகிறார். அந்த இடத்தில் கருவிகள் மட்டும் ஒலிக்கின்றன. சில நொடிகள் கழித்து, விடுபட்ட அதே சொல்லோடு அடுத்த கண்ணி தொடங்குகிறது. அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாக மறுபடி ஒலிக்கும். இங்கே அது ஒருமுறைதான் ஒலிக்கிறது. இரண்டு வாக்கியங்களும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கேட்பவர் மனத்துக்குள் அந்தச் சொல்லை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். கூட்டத்தில் கரைந்து போவதைப் பற்றிய இடத்தில் வாக்கியமும் கரைந்து, தெருவின் மறுபக்கத்தில் வேறொரு வாக்கியமாக வெளிப்படுகிறது. நெரிசலில் ஒரு முகம் மறைந்து தெரிவதைப் பாட்டின் இலக்கணமே செய்துகாட்டுகிறது. மேற்கத்திய ராக் பாடல்களில் இதற்கு நிகரான அமைப்பு எளிதில் அகப்படுவதில்லை.

உடைந்தும் ஒட்டியும்

‘லிவ் அண்ட் லெட் லிவ்’ தொடங்கும் படிமம் அருவருப்பானது: காற்சட்டையில் காய்ந்து பளிங்காகிப் போன மூக்குச்சளி. அதை லீ தாலாட்டின் நிதானத்தோடு பாடுகிறார். அடுத்து கிளையில் ஒரு நீலப் பறவை. உடனே கைத்துப்பாக்கியின் நினைவு. வாழு, வாழவிடு என்ற நல்லுரையைத் தலைப்பாகக் கொண்ட பாட்டில் கை துப்பாக்கியை நோக்கிப் போகிறது.

‘த குட் ஹ்யூமர் மேன் ஹி சீஸ் எவ்ரிதிங் லைக் திஸ்’ பாட்டின் தலைப்பில் உள்ளவர், அமெரிக்கத் தெருக்களில் வண்டியில் வரும் குட் ஹ்யூமர் ஐஸ்கிரீம்காரர். தேன்சிட்டு, காலை வெயில், சடை பின்னிய சிறுமிகள் என்று குழந்தைப் புத்தகத்துக் காட்சிகள். வயலின்களை வில்லால் இழைக்காமல் விரலால் சுண்டுகிறார்கள். இவ்வளவு இனிப்பும் முடியும் இடத்தில் இசை திடீரெனத் திக்குகிறது; ஊசி சிக்கிக்கொண்ட தட்டுபோல் ஒலி துண்டுதுண்டாக வெட்டுப்படுகிறது. நாடாவை வெட்டிச் செய்த வேலை இது. ஆல்பத்தில் ஒலிச் சித்து என்று சொல்லத்தக்க இடம் அநேகமாக இது ஒன்றுதான். அதையும் மிக அழகான பாட்டின் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். தன் சாதனம் பழுதாகிவிட்டதோ என்று கேட்பவர் ஒரு கணம் திடுக்கிடுகிறார்.

‘பம்மர் இன் த சம்மர்’ காதலர் பிணக்கைப் படபடவென்று பேச்சும் பாட்டுமாகக் கொட்டிவிட்டு, நாட்டுப்புறக் கிதார் ஓட்டத்தோடு இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் பெரிய பாட்டுக்கு முன்னால் சற்று மூச்சு வாங்கும் இடம்.

அந்தப் பெரிய பாட்டு ‘யூ செட் த சீன்’. ஏறத்தாழ 7 நிமிடம். தனித்தனியாக இருந்த பாட்டுகளை லீ ஒன்றாக ஒட்டினார். ஒட்டிய தழும்பை மறைக்கவில்லை. முதல் பகுதியில் ஃபோர்ஸியின் பேஸ் கிதார் முன்னால் ஓட, சிதறிய காட்சிகள் வந்து போகின்றன. பிறகு வேகம் தணிந்து, வயலின்களும் ஊதுகருவிகளும் விரிய, இனி எஞ்சியிருக்கும் நேரம் குறைவு, ஒவ்வொரு நாளையும் புன்னகையோடு எதிர்கொள்ளப் போகிறேன் என்ற தீர்மானத்துக்கு லீ வருகிறார். பல்லவி இல்லை, திரும்பி வருவதற்கு இடமே இல்லாத பாட்டு. டிரம்பெட்டுகள் மேலே ஏற ஏறத் தட்டு முடிகிறது. சாவை எதிர்பார்த்திருந்த இளைஞர், தன் கடைசிச் சொல் என்று நினைத்ததை முழக்கமாக எழுதிவைத்தார்.

டேவிட் ஏஞ்சலுக்குச் சேரவேண்டிய பங்கு

இந்த ஆல்பத்தைப் பற்றிய எழுத்துகளில் லீயின் பெயரே முன்னிற்கிறது. அது நியாயம்தான். ஆனால் இசைக்குழு அமைப்பைச் செய்த டேவிட் ஏஞ்சலுக்கு இன்னும் அதிகப் பங்கு சேரவேண்டும். வயலின்களும் டிரம்பெட்டும் எங்கே எப்படி வரவேண்டும் என்பது லீயின் மனத்தில் முதலிலிருந்தே இருந்தது. சுமார் மூன்று வாரம் ஏஞ்சலுடன் உட்கார்ந்து அவற்றை வாயால் பாடியும் வாசித்தும் காட்டினார். ஏஞ்சல் அவற்றை இசைக்குறிப்பாக எழுதி ஒழுங்குபடுத்தினார். செப்டம்பரில் அந்தப் பகுதிகள் பதிவாயின.

அன்றைய பாப் தட்டுகளில் வயலின்கள் பெரும்பாலும் பாட்டுக்குப் பின்னால் மெத்தை விரிக்கும். ஏஞ்சல் அவற்றை இடையிட்டுப் பேச வைத்தார். குரல் ஒரு வாக்கியத்தை முடித்ததும் ஊதுகருவி ஒரு பதில் சொல்லும். கேட்டது கேள்வியானால் சில இடங்களில் பதில் வராது. சொற்களில் இருக்கும் அச்சத்தை இசை எதிரொலிக்காமல், அறியாததுபோல் இனிமையாகத் தொடர்ந்து பேசுகிறது. சொற்கள் உறைப்பது அதனால்தான்.

பிறகு

1968இல் இன்னொரு தனித்தட்டு வெளியிட்டதோடு இந்த ஐவர் அணி முடிந்தது. லீ வேறு கலைஞர்களுடன் அதே பெயரில் தொடர்ந்தாலும் இந்த உயரம் மறுபடி கிடைக்கவில்லை. துப்பாக்கி சுட்ட குற்றச்சாட்டில், மூன்றாம் குற்றத்துக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் கலிபோர்னியச் சட்டத்தின்கீழ் 1996இல் அவருக்கு நீண்ட சிறைத்தண்டனை விதித்தார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே 1998இல் ஃபோர்ஸியும் மக்லீனும் இறந்தார்கள். மேல்முறையீட்டில் வென்று 2001 டிசம்பரில் லீ வெளியே வந்தார்.

வந்தவர் ‘பேபி லெமனேடு’ என்ற இளைய குழுவுடன் பயணம் புறப்பட்டு, ஆல்பத்தின் 11 பாடல்களையும் அதே வரிசையில் மேடையில் பாடத் தொடங்கினார். 2003 ஜனவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த வயலின், ஊதுகருவிக் கலைஞர்களோடு அவர் பாடியது ஒலிப்பதிவாகவும் வெளிவந்திருக்கிறது. ஏஞ்சலின் அமைப்பு முழுமையாக மேடையேறியதைக் கேட்க நல்ல வழி அதுவே. 2006 ஆகஸ்டு 3 அன்று, பிறந்த ஊரான மெம்ஃபிஸிலேயே இரத்தப் புற்றுநோயால் லீ காலமானார்.

இந்தப் பாடல்களைப் புதிதாகக் கேட்க விரும்புவோர் 1967 தட்டையும் 2003 நிகழ்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பது நல்லது. ‘த ரெட் டெலிபோன்’ கோஷத்தை முதலில் பாடியவர் சிறையைக் கற்பனை செய்தவர். இரண்டாவதில் பாடுபவர் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு வந்தவர். ‘யூ செட் த சீன்’ பாட்டைச் சாகப்போவதாக நம்பிய இருபத்திரண்டு வயதுக்காரர் எழுதினார். ஐம்பத்தேழு வயதுக்காரர் முழு இசைக்குழுவோடு நின்று பாடினார். மெட்டும் அமைப்பும் சொற்களும் மாறவில்லை. இரண்டு வயதுக்கும் பொருந்தும்படி அந்தப் பாட்டை எது நிற்கவைக்கிறது என்பதை, மாணவர்கள் அதன் இரு பகுதிகளையும் தனித்தனியே எடுத்து ஆராயலாம். ஏஞ்சலின் டிரம்பெட் பகுதியிலிருந்து தொடங்குவது பயன் தரும்.